திண்டிவனத்தில் சுருள்வில் அமுக்கி வாடகைக்கு விட்டவர்

இவரைப் பற்றி நான் நேரில் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதப்போகிறேன். நான் இல்லாத இடத்தில் நடந்தவற்றில், அங்கிருந்த இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனவற்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இவ்வளவு கறாருக்குக் காரணம் உண்டு. அவருடைய கணவர் என்ன ஆனார் என்பதற்குத் திண்டிவனத்தில் மூன்று கதைகள் கேட்டேன். முதல் கதையில், லாரிப் பட்டறையில் சுருள்வில் ஒன்று தெறித்து அவர் தாடையைப் பெயர்த்தது. இரண்டாவது கதையில் அதே வில் கண்ணைக் கொண்டுபோனது. மூன்றாவது கதையைச் சொன்னவர், கணவர் தாடையோடும் இரண்டு கண்களோடும் புதுச்சேரியில் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூவரும் தாம் சொல்வதே உண்மை என்று சத்தியம் செய்தனர்.

இக்கட்டுரையின் முதற்படியில் முதல் கதையைச் சேர்த்திருந்தேன். கட்டுரைக்கு அது மிகவும் பொருந்தியது. அவ்வளவு பொருந்தியதாலேயே ஐயம் தோன்றி, அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அவர் பெயரையும் எழுதவில்லை. என் காரின் பெயரைக்கூட எழுதவில்லை. அந்த வகைக் கார் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக என் கண்ணில் பட்டவை இரண்டே. காரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த நாள்களில், எழுபதுகளில் செய்யப்பட்ட இரு கதவுக் கார் ஒன்றை ஓய்வுபெற்ற நண்பரிடமிருந்து வாங்கினேன். அதன் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் தடித்த சுருள்வில் ஒன்று உண்டு. வில்லின் நடுவே, பட்டறைக்காரர்கள் ஷாக் என்று சொல்லும் அதிர்வுதாங்கி செருகப்பட்டிருக்கும். ஷாக் கெட்டுப்போனால் அதை வில்லோடு சேர்த்து வெளியே எடுத்து, வில்லை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலைப்பில் உள்ள நட்டைக் கழற்ற வேண்டும். அமுக்காமல் கழற்றினால், காரின் முன்பாரத்தைச் சுமக்கிற அந்த வில் தன் முழு விசையோடு கழற்றியவர் முகத்துக்கு வரும்.

அமுக்குவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. முழ நீளத்தில் மரையிட்ட கம்பிகள் இரண்டு. ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு கொக்கிகள். கம்பிகளை வில்லின் இரு பக்கமும் எதிரெதிரே நிறுத்தி, கொக்கிகளை வளையங்களில் மாட்டி, மாற்றி மாற்றித் திருகினால் வில் சிறுகச் சிறுக அடங்கும். பார்த்தால் குழந்தைக்கும் புரிகிற கருவி. அதனால்தான் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

என் காரைப் பார்த்துவந்த ஏழுமலை, விழுப்புரம் திருச்சி சாலையை ஒட்டித் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். நாற்பதை நெருங்கியவர். பழைய கார்களின் ஓசையைக் கேட்டே குற்றம் கண்டுபிடிப்பார். இடப்பக்க ஷாக் போய்விட்டது என்று அவர் சொன்னபோதே, கருவிக்கு வழி என்ன என்பதையும் சொன்னார்.

“திண்டிவனத்துல ஒரு அம்மா வாடகைக்கு வுடுது சார். நீங்களே போயி வாங்கினு வந்துடுங்க. நா போனா வேலைக்காவாது. அது டூலு குடுக்கறதுக்குள்ள பேஜாரு பண்ணிடும்.”

அப்படித்தான் நான் அந்தக் கடைக்குப் போனேன். மரக்காணம் சாலையில், ‘கட்டடச் சாமான்கள் வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகை. உள்ளே சிமென்டு கலக்கும் இயந்திரம், கூரை வார்க்கும் இரும்புத் தகடுகள், ஏணிகள், துளையிடும் இயந்திரங்கள், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பிகள். மேசைக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் காக்கிச் சட்டை. வேகவைத்த நிலக்கடலையை, அவ்வூர்ச் சொல்லில் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“இன்னா வேணுங்க?”

“சுருள்வில் அமுக்குகிற கருவி.”

“ஸ்பிரிங் டூலா?” என்று ஏற இறங்கப் பார்த்தார். “ஐயா தமிழ் வாத்தியாருங்களா?”

ஒப்புக்கொண்டேன்.

“யாரு போடப் போறது?”

“மெக்கானிக். விழுப்புரத்தில் இருக்கிறார்.”

“டூலு மட்டும் பஸ்ல போயி இன்னா பண்ணும்ங்க? அவர இட்டுக்கினு வாங்க.” பிறகு மேலே பார்த்துவிட்டு, “ஐயா, கொஞ்சம் இப்டி வாங்க. ஃபேனுக்கு அடியில நிக்காதீங்க” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை. அதைச் சொன்னேன்.

“ஓடலன்னா வுழாதா?” என்றார். என் முழங்கையைப் பிடித்து இரண்டு அடி நகர்த்திவிட்டு, கையில் ஒரு பிடி மல்லாட்டையும் கொடுத்தார்.

இதுவே அவர். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் உள்ளவை எல்லாம் இந்த ஒன்றைத்தான் சுற்றிவருகின்றன. தம் கடையிலிருந்து போகும் ஒரு பொருளால் யாருக்கும் ஒரு கீறலும் படக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவலை, பிறருக்குச் சிரிப்பாகவும் சில வேளை எரிச்சலாகவும் இருந்தது. ஏணி எடுக்க வந்தவரிடம் தரை சிமென்டா மண்ணா என்று கேட்பார். துளையிடும் இயந்திரம் கேட்டவரிடம், சுவருக்குள் மின்கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்பார். தெரியாது என்றால், “தெரிஞ்சிக்கினு வாங்க, மிசினு இங்கதான் இருக்கும், ஓடிப் போவாது” என்பார்.

ஒருமுறை நான் அங்கிருக்கையில், வரவேற்பு வளைவு கட்டுவதற்காக ஒருவர் வேகமாக வந்து சங்கிலிக் கப்பி கேட்டார். வெள்ளை வேட்டி. வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“ஜல்தியா குடும்மா. தலைவரு வர்ற நேரம்.”

“எதுல மாட்டி இழுக்கப் போறீங்க?”

“சவுக்குக் கம்பத்துல.”

“எத்தினி கம்பம்?”

“அதெல்லாம் கேட்டா எப்டிம்மா? அவசரம்னு சொல்றேன் இல்ல.”

“தலைவரு அதுக்கு அடியிலதான வரப் போறாரு? அவர ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க, ரெண்டு கம்பம் போதுமா நாலு வேணுமான்னு.”

வந்தவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கைப்பேசியில் யாரையோ திட்டினார். நான்கு கம்பம் என்று முடிவான பிறகே கப்பி வெளியேறியது.

ஏழுமலையை அழைத்துக்கொண்டு இரண்டாம் முறை போன நாளை நான் விரும்பி நினைப்பதில்லை. அன்று கடை வாசலில் நான்கைந்து கொத்தனார்கள் தகடு ஏற்றக் காத்திருந்தார்கள். அம்மையார் பழைய சுருள்வில் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, கருவியை ஏழுமலையிடம் கொடுத்து, “மாட்டிக் காட்டு தம்பி” என்றார்.

“இருவது வருசமா இதே வேலதான் பண்ணிக்கினு இருக்கேன் யக்கா.”

“அதான், தெரிஞ்சவரு ஒரு தபா காட்டுனா நானும் பாத்துக்குவேன்.”

ஏழுமலை மாட்டினார். ஒரு கம்பியை விறுவிறுவென்று திருகிவிட்டு மற்றதற்குப் போனார். அதற்குள் வில் ஒரு பக்கமாக வளைந்து, மறுபக்கத்துக் கொக்கி வளையத்தின் விளிம்புக்கு நகர்ந்திருந்தது. அம்மையார் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இந்தப் பக்கம் ஒரு சுத்து. அந்தப் பக்கம் ஒரு சுத்து. சோறு ஊட்டுற மாதிரி, அதுவும் முழுங்கணும் இல்ல? இப்ப சொல்லு, நீ எங்க நிக்கிற?”

“வில்லுக்கு எதிர்லதான். வேற எங்க நிக்கறது?”

“பக்கவாட்டுல நில்லு. அமுக்கினா செத்துப் போச்சின்னு நெனைக்காத. தூங்குற மாதிரி நடிச்சிக்கினு இருக்குது.”

கொத்தனார்கள் சிரித்தார்கள். ஒருவர், “இன்னா மேஸ்திரி, இருவது வருசமா எதிர்லயா நின்னுக்கினு இருந்த?” என்றார். கருவி கிடைத்தது, இடப்பக்க வேலை பழுதின்றி முடிந்தது. ஆனால் விழுப்புரத்தில் இறங்கும்போது ஏழுமலை சொன்னார்: “இனிமே அந்தக் கட வாசப்படி மிதிக்க மாட்டேன் சார். டூலு கேக்கப் போனா, பொண்ணு கேக்கப் போன மாதிரி கேள்வி. அதுவும் நாலு பேரு நின்னு சிரிக்கிற எடத்துல.”

நான் அதன் பிறகும் அந்தக் கடைக்குப் போய்வந்தேன். காரணம் சுண்ணக்கட்டி.

வாடகைக்குப் போன இரும்புக் கருவி திரும்பி வந்ததும் அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. கருவியை டீசலில் நனைத்துச் சிறிது நேரம் வைப்பார். எடுத்து, ஈரமே இல்லாமல் துடைப்பார். பிறகு சுண்ணக்கட்டித் தூளை அதன்மேல் மெல்லத் தூவி, வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அதற்குள் புகுந்த டீசல் கசிந்து, வெண்மையின் நடுவே மயிரிழைபோல ஒரு கருங்கோடு எழும். கோடு எழுந்த கருவியை அவர் மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. முழுதாகக் காயலான் கடைக்குப் போடுவதும் இல்லை. துண்டாக அறுத்துத்தான் போடுவார். பழைய இரும்பு எடுக்க வருபவர் இதற்காகக் குறைப்பட்டுக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

“முழுசா குடுத்தா நல்ல வெல போட்டு எடுத்துப்பேம்மா. எதுக்கு அறுத்து நாசம் பண்ற?”

“முழுசா குடுத்தா நீ முழுசாத்தான விப்ப?”

வகுப்பறைகளில் மிஞ்சும் சுண்ணக்கட்டித் துண்டுகளை நான் ஒரு டப்பாவில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன். வண்ணத் துண்டுகளைப் பொறுக்கித் திருப்பித் தந்துவிடுவார். “வெள்ளையிலதான் தெரியும்” என்பது காரணம். ஒருநாள் கோடு எழும்வரை நானும் அருகில் அமர்ந்திருந்தேன். அவர் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எழவில்லை. விடைத்தாளில் மாணவன் தேறிவிட்டதைக் கண்டதுபோல, அந்த முகம் தளர்ந்தது. அதற்கு மேல் அந்த முகத்தைப் பற்றி எழுதினால் கற்பனையாகிவிடும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வலப்பக்க ஷாக்கும் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காரை ஏழுமலையிடம் விட்டேன். கருவிக்குத் திண்டிவனம் போகட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், வேறு வழி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புதிய ஷாக் சென்னையிலிருந்து வர வேண்டும். அதற்குள் பழையதைக் கழற்றி வைத்துவிடுவார்.

சனிக்கிழமை காலை அம்மையார் கைப்பேசியில் அழைத்தார். அதற்கு முன் அவர் என்னை அழைத்ததே இல்லை.

“ஐயா, உங்க காரு எங்க நிக்குது?”

“ஏழுமலை பட்டறையில்.”

“ஸ்பிரிங்க வெளிய எடுத்துட்டாரா?”

“எடுத்திருப்பார். ஏன் அம்மா?”

பின்னால் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

“என் டூலு ஒண்ணு அங்க இருக்குது. நா குடுக்கல. கொக்கிக் கழுத்துல கோடு வுட்டதுன்னு தனியா எடுத்து வச்சேன். அறுக்கலான்னா அன்னிக்கிக் கரண்டு இல்ல. அப்பறம் பாத்துக்கலான்னு மூட்டையில போட்டுட்டேன். காயலாங்கடக்காரரு மூட்டையோட எடுத்துக்கினு போயிட்டாரு. இன்னிக்கி வந்து சொல்றாரு, ‘இந்தத் தபா முழுசா ஒண்ணு இருந்துச்சேம்மா, ஜோடியோட வித்துட்டேன், விழுப்புரத்துல ரெண்டு கதவு காரு பாக்குற ஏழுமலைக்கு’ன்னு. ஹாக்சா பிளேடு இருந்துச்சிங்க ஐயா. கையால அறுத்திருக்கலாம். சோம்பல் பட்டுட்டேன்.”

“நான் என்ன செய்ய வேண்டும்?”

“போயி, யாரையும் அதத் தொட வுடாதீங்க. நீங்களும் தொடாதீங்க. நா பஸ் ஏறிட்டேன்.”

பட்டறைக்குள் நுழைந்தபோது நான் கண்டது இது. மரமேசையின் மேல் சுருள்வில் படுத்திருந்தது. பாதி உயரத்துக்கு அமுங்கியிருந்தது. ஷாக் நடுவிலிருந்து உருவப்பட்டுவிட்டதால், அதை அடக்கிப் பிடித்திருந்தவை அந்த இரண்டு கம்பிகள் மட்டுமே. வில்லுக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு தேநீர்க் குவளைகள். வில்லின் ஒரு முனைக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தொலைவில், ஏழுமலை முக்காலியில் அமர்ந்து வேறொரு வண்டியின் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலையிலிருந்தே அது அப்படித்தான் கிடக்கிறது என்றார். “ஷாக்கு வந்ததும் சொருவிட வேண்டியதுதான். அவுத்துட்டு மறுபடியும் யாரு சார் திருகினு கெடக்கறது?”

அம்மையார் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார்.

“போன்லயும் வந்துடுச்சா அந்த அம்மா? கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாளா நிக்குது பாருங்க, கல்லு மாதிரி. அதுக்கு அதோட டூலு வேணும், அவ்ளோதான? இப்பவே அவுத்துத் தர்றேன், எடுத்துக்கினு போவட்டும்.”

எழுந்து, திருகும் சாவியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். நான் சாவியின் மறுமுனையைப் பிடித்தேன். நான் வலிமையுள்ளவன் அல்லன். அவர் விரும்பியிருந்தால் ஒரு சுண்டில் பறித்திருக்கலாம். வாடிக்கையாளன் என்ற மரியாதைக்காக இழுக்காமல் நின்றார். இருவரும் ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றது அபத்தமாக இருந்திருக்கும். அப்போது என் கைப்பேசி ஒலித்தது.

“விக்கிரவாண்டி டோல்கேட்ல பஸ்சு நிக்குதுங்க. லாரியா அடைச்சிக்கினு இருக்குது. அவர் கிட்ட போனக் குடுங்க.”

கொடுத்தேன். அம்மையார் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஏழுமலை சொன்னது மட்டும் கேட்டது.

“சொல்லுக்கா… இல்ல… ரெண்டு நாளா… ஆமா, அவுத்துத் தர்றேன்னுதான்…” பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரிக்கா… இல்ல, எதிர்லதான் நிக்கிறேன்… சரி, நவுந்துட்டேன்.”

உண்மையாகவே நகர்ந்திருந்தார். சாவியை என் கையில் விட்டுவிட்டு, குவளைகளைக்கூட எடுக்காமல், கொட்டகையின் ஓரத்துக்குப் போய் நின்றார். அதன்பின் ஏறத்தாழ அரை மணி நேரம் நாங்கள் இருவரும் வாசலில் நின்று, உள்ளே ஒன்றுமே செய்யாமல் கிடந்த ஓர் இரும்புச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை, “மூணு பேரு டீ குடிச்சாங்க சார் அதுங் கிட்டயே ஒக்காந்து” என்றார் ஏழுமலை.

அம்மையார் ஆட்டோவில் வந்து இறங்கினார். சிமென்டுச் சாக்கு ஒன்றில் நல்ல கருவி ஒரு ஜோடியும் சங்கிலியும். காக்கிச் சட்டையில் முதுகெல்லாம் வேர்வை. வந்ததும் ஏழுமலை முன்னால் நின்று, “என் தப்பு தம்பி” என்றார். ஏழுமலை திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தார்.

“டீ குடிக்கிறியா யக்கா?” என்றார்.

“அப்பறம்.”

அதன்பின் அவர் செய்தவற்றை, பின்னாளில் இருவரிடமும் கேட்டுச் சரிபார்த்தே எழுதுகிறேன். பட்டறையில் கிடந்த லாரி டயர்களை வில்லின் இரு முனைகளுக்கும் எதிரே அடுக்கச் செய்தார். பக்கவாட்டில் நின்று, சங்கிலியை வில்லின் நடுவே விட்டு வெளியே சுற்றிப் பூட்டினார். நல்ல கம்பிகள் இரண்டையும், பழைய கம்பிகளுக்கு இடையே வெறுமையாக இருந்த இரு பக்கங்களிலும் மாட்டினார். பழையதை அவிழ்க்கக் கூடாது. நல்லதை இறுக்கி, பாரம் முழுவதும் அதற்கு மாறி, பழையது தானாகத் தளரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு நல்லதை மெல்ல இறக்கலாம். இதுதான் வழி.

சாவியை எடுத்தபோது தகராறு வந்தது.

“நா பண்றேன் யக்கா. நீ வெளிய போ.”

“என் டூலு. என் தப்பு. நீ போ.”

“என் பட்டறைக்கா இது.”

“பட்டற உன்னுதுதான். முகமும் உன்னுதுதான். போ வெளிய.”

“உனக்கு முகம் இல்லியா?”

ஏழுமலை இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு வில்லின் மறுபக்கம் போய் நின்றார். எதிரே அல்ல, பக்கவாட்டில். அம்மையார் அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“அர சுத்து நா. அர சுத்து நீ. நா சொன்னாத்தான் திருகணும்.”

என்னைச் சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது எனக்கு இட்ட வேலை. அதனால் நான் அதைக் காணவில்லை, கேட்டேன். “நானு.” பிறகு இரும்பின் மெல்லிய முனகல். “நீயி.” மறுபடி முனகல். “நானு.” “நீயி.” சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. தேநீர்க் கடைக்காரர் குவளைகளை எடுக்க வந்தார். அவரை நிறுத்தினேன். உள்ளே என்ன என்று கேட்டார். பிறகு அவரும் என்னோடு நின்று காதுகொடுத்தார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஓரிடத்தில் இருவர் குரலும் நின்றன. ஏதோ ஒன்று மேசையில் விழும் ஓசை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழைய கம்பி தளர்ந்து தானாகக் கழன்று விழுந்த ஓசை அது என்று பிறகு தெரிந்தது. மீண்டும் “நானு”, “நீயி” தொடங்கி, நெடுநேரம் கழித்து ஏழுமலை வாசலுக்கு வந்து, “வாங்க சார்” என்றார்.

வில் தன் முழு நீளத்துக்கு விரிந்து மேசைமேல் கிடந்தது. அம்மையார் முக்காலியில் அமர்ந்து தம் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டும் நடுங்கின. ஏழுமலை தம் துண்டை நனைத்துப் பிழிந்து அவரிடம் கொடுத்தார். அம்மையார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாக்பீஸ் இருக்குதாங்க ஐயா?” என்று என்னைக் கேட்டார். சட்டைப் பையில் ஒரு துண்டு இருந்தது.

டீசலில் நனைத்துத் துடைத்துத் தூவிய சிறிது நேரத்தில், ஒரு கொக்கியின் கழுத்தில் கருங்கோடு எழுந்தது. கழுத்தைச் சுற்றிப் பாதிக்கு மேல் போயிருந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம்.

“கோடுதான்” என்றார் ஏழுமலை. பிறகு, “ரெண்டு நாளு தாங்குச்சி இல்ல யக்கா?” என்றார்.

“தாங்குச்சி” என்றார் அம்மையார். வாதாடவில்லை.

“எவ்ளோ ஆழம் போயிருக்கும்?”

“அது மேல இருந்து பாத்தா தெரியாது. யாருக்கும் தெரியாது.”

கழுத்தை ஒடித்துப் பார்த்தால் தெரியும் என்று நான் சொன்னேன். அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஏழுமலையும், வைஸ் எனும் பிடிப்பானில் மாட்டி ஒரு தட்டுத் தட்டலாம் என்றார். அம்மையார் ஹாக்சா பிளேடு, அதாவது இரும்பறுக்கும் வாள், கேட்டு வாங்கினார். கருவிகளை அவர் அறுக்கும்போது கம்பியின் நடுவில் அறுப்பதையே நான் அதற்கு முன் கண்டிருக்கிறேன். அங்கே மெல்லியது, எளிதில் அறுபடும். அன்று அவர் கொக்கியின் தடித்த கழுத்தில், கருங்கோட்டின் மேலேயே வாளை வைத்தார். ஏழுமலை மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அறுத்து முடிய நெடுநேரம் ஆயிற்று. நடுவில் தேநீர் வந்தது, குடித்துவிட்டு மீண்டும் அறுத்தார். துண்டு விழுந்தபோது, வெட்டிய முகம் முழுவதும் வாள் தேய்த்த புதிய பளபளப்பாக இருந்தது. கீறல் எவ்வளவு போயிருந்தது என்பதைக் காட்டக்கூடிய இரும்பு, தூளாகித் தரையில் கிடந்தது.

நல்ல ஜோடியை அவர் ஏழுமலையிடமே விட்டுச்சென்றார். ஷாக் வந்து வேலை முடிந்ததும், ஏழுமலை அதைத் துடைத்து எண்ணெய் தடவி, தாமே திண்டிவனம் கொண்டுபோய்க் கொடுத்தார். இதை இருவரும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அவர் கிளியனூர்ப் பக்கம் மகளோடு இருப்பதாக அண்டைக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அதை உறுதிசெய்யும் இரண்டாமவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே அதையும் எழுதாததாகக் கொள்க. சுங்கச்சாவடியில் பேருந்து நின்றிருந்தபோது அவர் கைப்பேசியில் ஏழுமலையிடம் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. நான் இருமுறை கேட்டேன், ஏழுமலை இருமுறையும் பேச்சை மாற்றினார்.

அன்று அவர் ஏன் நடுவில் அறுக்காமல் கீறலின் மேல் அறுத்தார் என்பதை நான் அறியேன். கீறல் ஆழமாக இருந்து, இரண்டு நாள் தன் முகத்துக்கு நேரே கிடந்தது எது என்பதை ஏழுமலை கண்ணால் காண வேண்டாம் என்று எண்ணியிருக்கலாம். மேலோடு நின்ற கீறலாக இருந்து, இவ்வளவு கவலையும் வீண் என்பதைத் தாம் காண வேண்டாம் என்று எண்ணியிருக்கலாம். கை நடுக்கத்தில் வாளை வைத்த இடம் அதுவாக அமைந்தும் இருக்கலாம். கேட்டிருக்கலாம், அதன் பிறகும் பலமுறை சுண்ணக்கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன், கேட்கவில்லை. அந்தக் கொக்கியின் கழுத்து மூன்றாம் நாளும் தாங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது.